இரண்டாம் பக்கத்துச் சிவப்புக் கோடு

என் கடை மேசையின் இழுப்பறையில் ஒரு புரூஃப் தாள் இருக்கிறது. அதில் அச்சான எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளைத் தாள், அதன் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைவரை ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புப் பென்சில் கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் ரைட்டர் சாரின் பொடிக் கையெழுத்து. அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, ஆதார் திருத்தம், ஜெராக்ஸ் என்று குமுளியில் கடை போட்டுப் பிழைக்கிறவளிடம் நாள் முழுக்கக் கழிவுத் தாள் சேரும். எல்லாவற்றையும் வாராவாரம் மிக்சர் கடைக்குக் கொடுத்துவிடுவேன். இந்த ஒரு தாளை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. வைத்திருக்கவும் மனசு வரவில்லை.

ரைட்டர் சார் எங்கள் எஸ்டேட்டில் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு எழுதியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, அவர் பெயர் கூப்பிடுவார். வந்த ஆளின் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னச் சுழி. பெயர்கள் முடிந்தபின் பக்கத்தில் மீதி எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், ஒரு விரல் அகலமே என்றாலும், குறுக்கே ஒரு கோடு, இரண்டு முனையிலும் கையெழுத்து. முப்பத்து நான்கு வருஷம் இதே வேலை. "வெறும் எடம் விட்டா இல்லாத ஆளு வந்து ஏறிக்கிரும்" என்பார். ரிட்டயர் ஆன பிறகும் கை நிற்கவில்லை. ரேஷன் மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, யாரோ கொடுத்த காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கம் என்று வெள்ளையாக எதைக் கண்டாலும் கோடு போட்டுவிடுவார். நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கையில் பென்சிலோடு எப்படிச் சும்மா இருக்கிறீர்கள் சார் என்று நானே கேட்டிருக்கிறேன்.

அவர் மனைவி ஆயாம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் எஸ்டேட் காப்பகத்தில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தவர். நானும் அங்கே வளர்ந்தவள்தான். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு தின்பேனாம். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் ஆயாம்மாவுக்கு நான் "சுண்ணாம்பு"தான். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. காப்பகத்துப் பிள்ளைகளைப் பற்றி நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், யார் எதைக் கண்டு பயப்படுவார்கள், யார் எவ்வளவு நேரம் தாயைத் தேடி அழுவார்கள் என்று, பவுனு, சின்னராசு, நான் என எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். பிஸ்கட் டப்பாவில் போட்டோக்களும் இருந்தன. சாயங்காலம் தாய்மார் கூடையோடு வந்து நிற்கும்போது பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் அவருடைய பெரிய கவலை. ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை என்பது அவருடைய பெரிய பெருமை.

ஒரு மழைநாள் மத்தியானம் ரைட்டர் சார் அந்த நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் குடையையே மடக்கிக்கொண்டிருந்தார். ஆயாம்மாவுக்கு மறதி நோய் என்பது எனக்கும் தெரியும். அடுப்பில் உலை வைத்துவிட்டு ரோட்டில் போய் நின்ற கதை ஊரெல்லாம் தெரியும். அது வேகமாக ஏறுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஓர்மை நிக்கல தாயி. நேத்து என்னையவே யாருன்னுட்டா. ஆனா பிள்ளைகளப் பத்திக் கேட்டா மட்டும் கடகடன்னு சொல்றா. அது போறதுக்குள்ள அவ பேரு போட்டு ஒரு புஸ்தகமா அவ கையில குடுக்கணும். இது எம்புஸ்தகம்னு அவளுக்குத் தெரியறப்பவே குடுத்துறணும். பொறகு குடுத்து என்ன செய்ய?"

ஒரு மாதம் போதும் என்றேன். கல்யாணப் பத்திரிகை அடித்தவளுக்குப் புத்தகம் என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள், இடப்பக்கம் போட்டோ, எதிரே வலப்பக்கம் பெயரும் கதையும். படத்தின் கீழே பெயர் வேண்டாமா என்று ரைட்டர் சார் கேட்டார். "எதிர்ப்பக்கத்துல பெருசா இருக்கே சார், ரெண்டு தடவ எதுக்கு? பாக்க அசிங்கமா இருக்கும்" என்றேன். அழகு பார்த்தேன். அந்த அழகை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

இந்த அமைப்பு நிற்கவேண்டுமானால் முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் காலி, மூன்றில் முன்னுரை, நான்கில் முதல் பிள்ளையின் படம். அந்தக் காலிப் பக்கம் ஒழுங்காக உட்கார நான்கு நாள் பிடித்தது. முதலில் பி.டி.எஃப் எடுத்தபோது தலைப்புக்கு முன்னாலேயே ஒரு வெள்ளைப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. தேடினால், எங்கோ நான் தட்டிய ஒரு வெற்று வரி. அதை எடுத்தால் இரண்டாம் பக்கத்தின் தலையில் புத்தகப் பெயரும் காலில் எண்ணும் முளைத்தன. அதற்குத் தனிப் பக்க அமைப்புக் கொடுத்து அவற்றை அழித்தால், பி.டி.எஃப்பில் பக்கமே காணாமல் போயிற்று. திரையில் ஒன்றுக்குப் பிறகு மூன்று என்று எண் சரியாகத்தான் இருக்கிறது, பி.டி.எஃப்பில் தலைப்பின் முதுகிலேயே முன்னுரை வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில், மலையாளத்தில் என்று கம்ப்யூட்டரை எல்லாப் பாஷையிலும் திட்டினேன். கடைசியில் ஏற்றுமதி செய்யும் பெட்டியின் ஒரு மூலையில், தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களையும் எடுக்கவா என்று ஒரு குட்டிக் கட்டம் டிக் இல்லாமல் கிடந்ததைக் கண்டேன். டிக் போட்டதும் எல்லாம் இடத்தில் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்ன மாதத்தில் ஆறு நாள்தான் பாக்கி.

பி.டி.எஃப்பைக் கம்பத்தில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, புரூஃப் தாள்களை ரைட்டர் சாரிடம் கொடுத்தேன். பார்த்து, கையெழுத்துப் போட்டு, அவரே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். களைப்பில் எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. "காலிப் பக்கம் ஒண்ணு இருக்கும் சார், கண்டுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் இருக்கிறது, அது போனால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். முப்பத்து நான்கு வருஷம் காலி இடத்தைக் கண்ட கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கேலி செய்யும்போதெல்லாம் தெரிந்தது, அன்றைக்கு மட்டும் மறந்துபோனது.

அடுத்த வாரம் புத்தகக் கட்டு கம்பம் பஸ்ஸில் வந்தது. பிரித்து அட்டையைப் பார்த்தோம், முதல் பக்கத்தில் ஆயாம்மாவின் பெயரைப் பார்த்தோம். உள்ளே பார்க்க யாருக்குப் பொறுமை? கடையைப் பூட்டிவிட்டு, ஏலத்தோட்டத்தை ஒட்டிய அவர்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். அன்றைக்கு ஆயாம்மா தெளிவாக இருந்தார். என்னைக் கண்டதும் "வா சுண்ணாம்பு" என்றார். புத்தகத்தைக் கையில் வாங்கி, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, "எம்பேரா இது?" என்றார். "ஒம்பேருதான்" என்று ரைட்டர் சார் சொன்ன குரலை நான் மறக்கமாட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நடுவில் பிரித்தார். என் கதைதான் வந்தது. உதட்டை அசைத்துப் படித்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்த்தார்.

"இது பவுனுல்ல?"

நான் செல்போனில் அவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை எட்டிப்பார்க்கக்கூட இல்லை. "புஸ்தகத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும் ஆயாம்மா, நல்லாப் பாருங்க" என்றேன்.

நல்லாத்தான் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தை. அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்தது. அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துகொண்டே போனது. "அப்ப நீ இவதானா? சின்னராசுன்னு நெனச்சது சின்னராசு இல்லையா?" புத்தகத்தை மூடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "எல்லாப் பிள்ளையையும் மாத்திப்புட்டேனே. பெத்தவளுக வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அப்புறம்தான் நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தலைப்பின் முதுகிலேயே முன்னுரை. ஒரு பக்கம் நகர்ந்ததில் ஒவ்வொரு கதைக்கும் எதிரே அடுத்த பிள்ளையின் முகம். நாற்பத்தோரு பிள்ளைகள் முகம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா சொன்னது ஒவ்வொன்றும் சரி. பவுனு பவுனுதான். புத்தகம் தப்பு, அதை நம்பச் சொன்ன நான் தப்பு.

அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ரெண்டாம் பக்கத்த அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. இது வேண்டாமாய்யான்னு கேட்டேன், காலிதான, வேண்டாம்னாரு. எடுத்துட்டோம்" என்றார் அச்சகக்காரர். அவர் மேல் என்ன தப்பு? ரைட்டர் சார் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட்டை மேற்பார்க்கும் கண்டக்டர், மானேஜர் என்று யார் மிரட்டியும் ஒரு கள்ளப் பெயர் ஏறவிடாத மனுஷன், முற்றத்துப் படியில் அப்படியே உட்கார்ந்தார். "எங்கையால போச்சு தாயி" என்றார். இல்லை சார், என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லாமல், அந்தப் பக்கத்தைச் சேர்த்து மறுபடி அடிக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே சரியான தாள்களைச் சோடி சோடியாகக் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். படமும் கதையும் பொருந்தியிருப்பதைக் காட்டினேன், கெஞ்சினேன், காலைப் பிடித்தேன். ஆயாம்மா தாளைத் தொடவே இல்லை. "எனக்கு வேண்டாம்மா, நான் மாத்திருவேன்" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிலிருந்து தினமும் நாலு மணியானால் வாசலில் போய் நின்றுகொள்வாராம். தாய்மார் வருகிற நேரம். உள்ளே போ என்றால், பிள்ளைகளைச் சரிபார்க்கவேண்டும் என்று அழுவாராம். இவ்வளவு நாள் பூப்போல இருந்த மறதியில் நாங்கள் பயத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

அச்சகத்தில் பள்ளிக்கூட நோட்டு வேலை குவிந்திருந்தது. பிறகு மலைப்பாதையில் மண் சரிந்து நாலு நாள் பஸ் இல்லை. சரியான புத்தகமும், கட்டோடு கோடு போட்ட அந்தப் புரூஃப் தாளும் வந்தபோது இருபத்து மூன்று நாள் கழிந்திருந்தது. இந்தத் தடவை நான் ஒவ்வொரு பக்கமாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன்.

"வா சுண்ணாம்பு" என்று ஆயாம்மா சொல்லவில்லை. யாரோ வந்திருப்பதாகப் பார்த்தார். புத்தகத்தை மடியில் வைத்தேன். தன் பெயரே அவருக்குத் தெரியவில்லை. பக்கங்களைக் கடைசியிலிருந்து திருப்பிக்கொண்டே வந்தார். சின்னராசு போனான், பவுனு போனாள், நான் போனேன். யார் முகத்திலும் அவர் கண் நிற்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அவரவர் கதைக்கு எதிரே ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள், அடையாளம் காண ஆளில்லாமல். கடைசியில் முன்பக்கத்துக்கு வந்தார். அந்த வெள்ளைப் பக்கம். அதில் நின்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, தூங்கவைக்கத் தட்டுவதுபோல மெல்லத் தட்டினார்.

"இதுக்கு இன்னும் பேரு வைக்கலியே" என்றார் ரைட்டர் சாரைப் பார்த்து.

சார் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போன என்னிடம் முகத்தைத் திருப்பாமல் சொன்னார். "எங்களுக்கு ஒண்ணு பொறந்துச்சு தாயி. பதினாறாம் நாளு பேரு வைக்கலாம்னு இருந்தோம். பன்னெண்டாம் நாளு போயிருச்சு. அதுக்கப்பறம் நாப்பது வருசத்துல அதப் பத்தி அவ ஒரு வார்த்த பேசினதில்ல." உள்ளே ஆயாம்மா தட்டிக்கொண்டேயிருந்தார். அன்றைக்கு நாலு மணிக்கு அவர் வாசலுக்குப் போகவில்லை.

அந்த வருஷமே ஆயாம்மா போய்விட்டார். சார் இந்த மழைக்காலத்தில் போனார். அவர் பெட்டியிலிருந்த புத்தகத்தை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார். இன்றைக்கும் கடையில் யாராவது பி.டி.எஃப்பைக் காட்டி "இந்த வெள்ளப் பக்கம் எதுக்குக்கா, எடுத்துருங்க" என்கிறார்கள். எதற்கென்று உட்காரவைத்துச் சொல்கிறேன், இரண்டு நிமிஷம்தான் ஆகிறது. அவர்கள் போனபின் இழுப்பறையைத் திறந்து, கோடு போட்ட அந்தப் புரூஃப் தாளையும் சாரின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் கோடு இல்லை. கையெழுத்தும் இல்லை. பக்கத்தின் நடுவில், பிரட்டுக்கு வந்த ஆளுக்குப் போடுவதுபோல, சிவப்புப் பென்சிலில் ஒரு சின்னச் சுழி இருக்கிறது.