நேராக விடச் சொன்ன கால்

நோயின் முதல் அடையாளம் பந்தடித் திடலில் வரவில்லை. சோற்றுக்கு முன்னால் வந்தது. ஒரு மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இடது கால் மடங்கியது. வலது கால் முக்கால்வாசி மடங்கி, அதற்கு மேல் வர மறுத்துவிட்டது. வலி இல்லை. மாரி மழையில் ஊறிய கதவு நிலையோடு இறுகுமே, அப்படி ஓர் இறுக்கம்.

"ஏனப்பா காலை ஒரு பக்கமாய் வச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று என் மனைவி பாக்கியம் கேட்டாள்.

"பந்தடிச்ச கால். அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். அவள் குழம்பை ஊற்றினாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

மூட்டில் இதே வருத்தம் (நோய்) வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவன். அதைவிட, பந்தடிக்காரன் (உதைபந்து ஆடுபவன்) என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். பள்ளிக்கூட அணியில் தொடங்கி, ஊர்க் கழகம், பிறகு பட்டணத்துக் கழகம் என்று பத்து வருடத்துக்கு மேல் விளையாடினேன். எங்கும் எனக்கு ஒரே இடம்தான்: வலது பாக். கோல் காப்பவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற இருவரில் ஒருவன். இடது பாக் சாவகச்சேரிச் செல்லத்துரை. வெறுங்காலோடு விளையாடிய காலம் அது. கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குவார்கள். பாக்கை யாரும் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. பிழை விட்டால் மட்டும் பெயர் சொல்லி ஏசுவார்கள்.

நல்ல பாக் ஓடித் திரிய மாட்டான். நிற்பான். எதிராளி தன்னிடம் வரும்வரை நிற்பான். எனக்கு அது நன்றாக வந்தது. செல்லத்துரை முன்னால் பாய்ந்து பந்தை எடுக்கிறவன். அவன் தவறவிட்டால் பின்னால் என் கால் நிற்கும். கொழும்பில் விளையாட யாழ்ப்பாண அணியைத் தெரிவு செய்தபோது எங்கள் இருவரையும் சேர்த்தே தெரிவு செய்தார்கள்.

அந்தப் பயணத்துக்கு முன்னால் சாவகச்சேரியில் ஓர் ஆட்டம். எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் என் முழங்காலில் மோதியது. அன்று பின்னேரம் மூட்டு வீங்கியது. எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது, எனக்கும்தான். முறிவு வைத்தியரிடம் போனோம். அவர் எண்ணெய் பூசி உருவி, புக்கை (சூடான மருந்துக் களி) வைத்துக் கட்டிவிட்டார். அடிபட்ட காலுக்கு எங்கள் ஊரில் யாரும் செய்வது இதுதான். என் காலுக்கு அது ஒத்துவரவில்லை. உருவ உருவ வீக்கம் பருத்தது. ஆனால் சிவக்கவில்லை, சுடவில்லை. கொழும்புக்கு ரயில் ஏறுகிற நாளில் செல்லத்துரை வேறொரு பாக்கோடு போனான். நான் வாழைக்குள் நின்று ரயிலின் கூவல் சத்தத்தைக் கேட்டேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அடி காரணம் அல்ல என்று முதலில் சந்தேகப்பட்டவள் பாக்கியம். பின்னேரங்களில் எனக்கு மெல்லிய காய்ச்சல் வருவதைக் கண்டாள். ஒரு நாள் கிணற்றடியில் என் இரண்டு தொடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடிபட்டது முழங்காலிலை. தொடை ஏனப்பா மெலியுது?"

அடுத்த நாள் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வெள்ளைக்காரர் அல்ல, எங்கள் ஆள்தான். வேதக்காரர் (கிறிஸ்தவர்), வயதில் மூத்தவர், குறைவாகக் கதைப்பவர். மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார். அது கலங்கலாக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது அடி இல்லை, தம்பி. சயம். நெஞ்சுக்கு வாற அதே சயம் மூட்டுக்கும் வரும். அடிபட முந்தியே உள்ளுக்கை இருந்திருக்கு."

சயம் (உடலைக் கொஞ்சம் கொஞ்சமாய் அரிக்கும் தொற்று நோய்) என்றால் இருமலும் இரத்தமும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாளும் இருமாதவனுக்கு அது காலில் வரும் என்று யார் கண்டது? சோற்றுக்கு முன்னால் மடங்க மறுத்த கால் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நாளில் இதற்கு நேர் மருந்து கிடையாது. இப்போது புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது என்று கேள்வி. அது கிடைப்பவர்கள் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். எனக்குக் கிடைத்தவை அசையாத கால், வெயில், நல்ல சாப்பாடு. இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரைக்கும் பிளாஸ்டர் (ஈரச் சுண்ணமாவில் தோய்த்துச் சுற்றும் துணி, காய்ந்தால் கல்லாகிவிடும்) போட்டார்கள். கட்டிலோடு விறாந்தைக்குத் தள்ளி வெயிலில் விடுவார்கள். மீனெண்ணெயும் தந்தார்கள். பரம்பரையாக மச்சம் (மீன், இறைச்சி) படாத வீடு எங்களுடையது. பாக்கியம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "முருகன் ஒண்டும் சொல்லமாட்டார், வாயைத் திறவுங்கோ" என்றாள். முருகனைவிட எண்ணெயின் நாற்றம்தான் எனக்குப் பெரிய தடையாக இருந்தது.

பிளாஸ்டருக்குள் வேர்க்கும், கடிக்கும், சில நாட்களில் எறும்பும் போகும். நீண்ட ஈர்க்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தோலைக் கீறிவிடாமல் சொறியுங்கள். இதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

செல்லத்துரை சைக்கிளில் வருவான். கொழும்பில் தோற்ற கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"உன்ரை இடத்திலை நிண்டவன் ஓடுறான், மச்சான். பாக் நிக்க வேணுமெண்டு அவனுக்கு ஒருதரும் சொல்லேல்லைப் போலை."

அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோற்றதற்காக அல்ல என்று சொல்ல ஆசை, ஆனால் அதற்கும்தான்.

பல மாதங்களுக்குப் பிறகு பிளாஸ்டரை வெட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் நின்றிருந்தது. மூட்டு மட்டும் ஆறவில்லை. டாக்டர் என் கட்டில் விளிம்பில் இருந்தார். பாக்கியம் தலைமாட்டில் நின்றாள்.

"மூட்டை இறுக்கிவிட வேணும். ரெண்டு எலும்பின்ரை முனையையும் சீவிப் பொருத்தினால் ஒரே எலும்பாய் வளந்திடும். பிறகு வருத்தம் அதிலை தங்காது."

"மடங்குமோ?"

"இல்லை. ஒருநாளும் மடங்காது."

"செய்யாமல் விட்டால்?"

"மேலை ஏறும். தொடையோடை வெட்ட வேண்டி வரலாம். அதோடை நிக்குமெண்டும் நான் சொல்லமாட்டன்."

பந்தடிக்கலாமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"ஒண்டு நீர்தான் சொல்ல வேணும்" என்றார் அவர். "நேராய் விடட்டோ, கொஞ்சம் மடக்கி விடட்டோ? கொஞ்சம் மடங்கியிருந்தால் கதிரையிலை இருக்கச் சுகம். நேரெண்டால் நிக்க உறுதி. கதிரையிலை இருந்து எழுதுற வேலையோ உமக்கு?"

"இல்லை, தோட்டம்."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "நீங்கள் நடந்து வீட்டை வந்தால் எனக்குக் காணும்" என்றாள்.

எனக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வாழ்க்கை முழுக்க நின்றே பெயர் எடுத்தவன். "நேராய் விடுங்கோ" என்றேன். டாக்டரும் அதுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினார்.

குளோரோபாம் (மயக்க மருந்து) இனிப்பான மணம். அதன் பிறகு வாந்தி, வலி, மறுபடி பிளாஸ்டர். அந்த வலியை விவரிப்பதில் யாருக்கும் பயன் இல்லை. குறையும் என்பது மட்டும் உண்மை.

வீட்டுக்கு ஊன்றுகோலோடு நடந்தே நுழைந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாக்கியம் நட்டிருந்த வாழைக்குட்டிகள் குலை தள்ளி, வெட்டி முடிந்து, பக்கக் கன்றுகள் என் உயரத்துக்கு நின்றன. பந்தடியில் நேரம் விசிலோடு முடியும். கட்டிலில் கிடந்த காலத்தில் எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை. தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்று விளங்கியது.

மத்தியானம் பாக்கியம் இலை போட்டாள். நான் இலைக்கு முன்னால் போய் நின்றேன். நின்றபடியே நின்றேன்.

நாங்கள் மூன்று பேரும் மறந்தது இதைத்தான். டாக்டர் கதிரையைப் பற்றிக் கேட்டார். அவர் மேசையில் சாப்பிடுபவர். பாக்கியம் நடையை நினைத்தாள். நான் திடலை நினைத்தேன். எங்கள் வாழ்க்கை நடப்பது தரையில் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு தரையில். படுக்கை பாயில். வெளிக்குப் போகக் குந்த வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நடுவில் துளை போட்ட முக்காலி ஒன்று தச்சனிடம் செய்வித்தோம், நீங்களும் அதை முதலே செய்துகொள்ளுங்கள். நல்லூர்க் கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வீதி மணலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்கார்ந்தால் கால் சுவாமியைப் பார்க்கும், அல்லது யாரோ ஒருவரைப் பார்க்கும். அதனால் தூண் ஓரத்தில் நிற்பேன். டாக்டர் சொன்னது பொய்யில்லை. நிற்பதற்கு மிகவும் உறுதியான கால்.

வீட்டில் கதிரையில் இருந்து, மடியில் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) வைத்துத் தனியாகச் சாப்பிடப் பழகினேன். கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். போனால் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் வருவது அந்த வீட்டாரை அவமதிப்பது. ஒருவரின் இலையை நோக்கிக் காலை நீட்டுவது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

செல்லத்துரையின் தங்கைக்குக் கலியாணம் வந்தது. அதற்குப் போகாமல் இருக்க முடியாது. வாழையிலையும் என் தோட்டத்து இலைதான். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். கடைசி இடமாகப் பார்த்து, சுவரைப் பிடித்து இறங்கி இருந்தேன். வலது கால் நேரே போய், எதிரில் கிடந்த இலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சால்வையால் மூடினேன். மூடினாலும் அது கால்தான்.

ஒருவர் வந்து எதிரில் குனிந்தார், பார்த்தார், அடுத்த இலைக்குத் தள்ளிப் போனார். இன்னொருவரும் அப்படியே. மரியாதையாகத்தான் தள்ளிப் போனார்கள். வரிசை முழுக்க நிறைந்து, எனக்கு எதிர் இலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எழும்பிப் போய்விடலாம் என்றால் எழும்பவும் ஆள் உதவி வேண்டும்.

செல்லத்துரை பருப்பு வாளியோடு வந்துகொண்டிருந்தான். வெறும் இலையையும் என்னையும் பார்த்தான். வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, எதிரில் வந்து சம்மணம் கட்டி இருந்தான்.

"எழும்படா, நீ வீட்டுக்காரன். முதல் பந்தியிலை இருக்கிறதோ?" என்றேன்.

"பேசாமல் இரு" என்றான். இலையை இன்னும் கொஞ்சம் என் காலுக்கு அருகில் இழுத்துக்கொண்டான். "இந்தக் கால் எனக்குப் பின்னாலை நிண்டபடியாலைதான் என்ரை கால் ரெண்டும் இண்டைக்கும் மடங்குது. சோத்தைப் போடச் சொல்லு."

சோறு வந்தது. சாப்பிட்டோம். எனக்குக் கண்ணீர் வந்தது. ரசம் உறைப்பு என்றேன். அவனும் ஓம் உறைப்புத்தான் என்றான்.

டாக்டர் இன்று திரும்பக் கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்ததுண்டு. கொஞ்சம் மடக்கி விட்டிருந்தாலும் தரையில் இருக்க உதவாது. ஆனால் கேள்வி உங்களுக்கும் வரும். பதில் சொல்லும் முன் உங்கள் ஒரு நாளைக் காலையிலிருந்து படுக்கும்வரை எண்ணிப் பாருங்கள். எங்கெங்கே உட்காருகிறீர்கள் என்று பாருங்கள்.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் என் கால் எந்தப் பக்கம் பார்க்கும் என்று பார்க்கிறேன். காலையில் விழித்ததும், எழும்புவதற்காக வலது காலை மடக்கச் சொல்லி உடம்பு இன்னும் சொல்கிறது. கால் அசையாது. இவ்வளவு வருடம் கழிந்தும் அந்த ஒரு கணத்தில் எனக்குப் பழைய வயதுதான். பிறகு இடது காலை ஊன்றி எழும்புகிறேன்.