காணாமல் போன மண்டபம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலேசியாவின் கோத்தா திங்கியில் வெள்ளம் ஏறிய சமயம். நான் ஜொகூர் பாருவில் இணையப் பக்கங்கள் செய்துதரும் சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறேன். எந்த நிவாரண மையத்தில் இடம் இருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கத்தைத் தொண்டர்களுக்காகச் செய்து கொடுத்திருந்தேன்.

ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு வரி. அங்குள்ள நிலவரத்தைத் தொண்டர்கள் மலாயில் எழுதுவார்கள். இடமில்லாத மையத்துக்குப் போய் யாரும் அலைய வேண்டாமே என்று, 'பெனு' (நிரம்பிவிட்டது) என்ற சொல் உள்ள வரிகளைப் பொறுக்கி மறைத்துவிடும்படி, பக்கத்தை இயக்கும் நிரலான ஸ்கிரிப்டில் எழுதினேன். சோதித்தபோது சரியாகத்தான் வேலை செய்தது.

மறுநாள் காலை, ஒரு மண்டபத்திலிருந்து தொண்டர் ஒருத்தி கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாதி இடம் சும்மா கிடக்கு லா. ஏன் யாருமே வரல?"

தேடினேன். என் இணையப் பக்கத்தில் அந்த மண்டபமே இல்லை. அவள் எழுதியிருந்தது 'பெலும் பெனு', இன்னும் நிரம்பவில்லை என்று. அதிலும் 'பெனு' இருக்கிறதே! இடம் இருந்த மையத்தையே நான் மறைத்திருக்கிறேன்.

சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் 'இடம் உண்டு', 'இடம் இல்லை' என்று தனி அடையாளம் கொடுத்து, அதை வைத்துப் பிரித்தேன். பத்து நிமிஷ வேலை.

முடிப்பதற்குள், பக்கத்தில் போட்டிருந்த என் எண்ணுக்கு ஓர் அம்மா கூப்பிட்டார். பக்கவாதம் வந்த கணவரை லோரியில் ஏற்றிக்கொண்டு, என் இணையப் பக்கத்தை நம்பி, அந்த மண்டபத்தைத் தாண்டியே தூரத்து மையத்துக்குப் போயிருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் அங்கே இடம் நிரம்பிவிட்டது. மழையில் நிற்கிறார்கள்.

"தப்பு என்னோடதும்மா. நீங்க தாண்டி வந்த மண்டபத்துல இடம் இருக்கு. நான்தான் தெரியாம மறைச்சிட்டேன்" என்றேன்.



"சரிம்மா, திரும்பிப் போறோம். அவருக்குக் கீழ படுக்க முடியாது. ஒரு கட்டில் மட்டும் சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டு, "வந்துட்டோம். அவரு படுத்துட்டாரு. இப்ப மத்தவங்களுக்கு இந்த இடம் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. இன்றும் எதையாவது மறைக்கச் சொல்லி ஸ்கிரிப்ட் எழுதினால், மறைந்துபோன வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் பக்கத்தை வெளியே விடுகிறேன். அவற்றில் ஒன்று கண்ணில் படாததால் யாரோ மழையில் நிற்கக்கூடும்.