பழனியம்மா அக்கா பேசிய காட்சி

அந்தப் பெரிய நடிகர் பழனியம்மா அக்காவின் பேச்சைத் திருடிவிட்டார். அவருக்குத் துணை நின்றது நாம்.

வெள்ளிமலைப் பக்கம் படப்பிடிப்பு நடந்தபோது, அந்த மலையூர்க்காரரான அக்காவிடம் "உங்க கஷ்டத்தை நீங்களே சொல்லுங்கம்மா" என்றாராம் டைரக்டர். அக்கா நிஜத்தையே சொன்னார். ரோடு இல்லாமல், நிறைமாத மருமகளைக் கம்பில் தூளி கட்டி மலையிலிருந்து தூக்கி வந்ததை, ஊர்ப் பெயரோடு சொன்னார். அந்த நடிகரின் படத்தில் சொன்னால் கலெக்டர் காதுக்குப் போகும் என்று நம்பினார்.

இன்று கள்ளக்குறிச்சியில் பகல் காட்சிக்கு அக்காவோடு போனேன்.

திரையில் அக்கா பேசுகிறார். பின்னால் நடிகர் நிற்கிறார். அவருக்கு வசனமே இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக மடிக்கிறார், அவ்வளவுதான். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. விஷயம் தெரிந்த நானே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊரு பேரு வந்துச்சா தம்பி? விசில்ல ஒண்ணுமே கேக்கல."

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "யம்மா, தலைவரு இன்னாமா நடிச்சிக்கினு இருக்காரு! நீ ஊரு பேரு கேக்கற. சும்மா குந்து."

"அதுல பேசனதே நான்தாங்க."

"நீயா? தலைவரு நிக்கறப்ப உன்ன யாரு பாத்தா!"

அக்கா மறுபடி திரையைப் பார்த்தார். காட்சி மாறிவிட்டிருந்தது.

படம் பார்த்தவர்களே, அக்கா சொன்ன ஊர்ப் பெயரைக் கமெண்டில் எழுதுங்கள். எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன்.

பின்சேர்க்கை: மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. எல்லாக் கமெண்டும் நடிகரைப் பற்றித்தான். ஊர்ப் பெயர் எங்கே?