சொல்லத் தெரியாதவர்களுக்கு ரோஸ் மருந்து

“படபடப்பா, நடுக்கமா, ஒதறலா? மூணும் ஒண்ணு இல்ல. யோசிச்சு சொல்லு.”

கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றுகிறார் அல்போன்ஸ். மந்தைவெளியில் டாக்டர் தனபாலனின் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் கம்பவுண்டர். எதிர் பெஞ்சில் பால்காரர் ஒருவர் மார்பில் கை வைத்தபடி திருதிருவென்று முழிக்கிறார். வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இப்படிப் பரீட்சை வைப்பார்கள் என்று யார் கண்டது?

அல்போன்ஸ் பாதிரியாராவதற்காக ஒன்பது வருஷம் குருமடத்தில் படித்தவர். குருப்பட்டத்துக்கு ஒரு வருஷம் இருக்கையில் வெளியே வந்துவிட்டார். மகனைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டிருந்த அப்பா, சாந்தோமில் இருந்தவர், அதன்பிறகு சாகும்வரை அவரோடு பேசவில்லை. குருமடத்தில் படித்த கிரேக்கத்தைக் கொண்டு வெளியே ஒரு கட்டு கீரைகூட வாங்க முடியாது. சோற்றுக்காக மருந்து கலக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கிரேக்கம் விலைபோன ஒரே இடம் இந்த கிளினிக். டாக்கிகார்டியா என்பது வேகத்துக்கும் இதயத்துக்கும் உள்ள இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டுப்போட்டது என்று ஒருநாள் சொல்லப்போக, டாக்டர் சொக்கிப்போனார். பிறகென்ன? நெஞ்சு துள்ளினால் ‘பால்மோஸ்’, கைகால் நடுங்கினால் ‘த்ரோமோஸ்’, உடம்பு சிலிர்த்தால் ‘ஃப்ரிகே’ என்று நோயாளியின் கார்டில் தலைப்பு விழ ஆரம்பித்தது. பக்கத்தில் இங்கிலீஷ் சொல்லும் உண்டு. டாக்டர் அதைப் படித்து ரசித்துவிட்டுத்தான் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பார்.

கார்டுகளை அடுக்குவது அல்போன்ஸ். நல்ல சொல் கிடைத்த கார்டு மேலே இருக்கும். “என்னமோ பண்ணுது” என்பவர்களுக்குக் கார்டே கிடையாது. “சொல்லத் தெரியலையா? அப்ப நரம்புதான்” என்று பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மருந்தை ஊற்றி, சீசாவில் அளவுக் காகிதம் ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவன் டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே வீடு திரும்புவான். டாக்டருக்கும் கூட்டம் குறைந்தால் சரிதான்.

போன தவக்காலத்தில் அல்போன்ஸின் மனைவி வெரோனிகா அம்மியை விட்டு எழுந்து வந்தாள். “என்னங்க, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குங்க.”

“ஒரு மாதிரின்னா? துள்ளுதா, நடுங்குதா?”

“சொல்லத் தெரியலீங்க.”

மறுநாள் ஒரு சீசா வீட்டுக்கு வந்தது. மூன்று வாரம் வேளை தவறாமல் குடித்தாள். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்கு நின்றவள் பையோடு சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன, போகாமல் என்ன.

“எங்கிட்ட ஒரு தடவ கூட்டிட்டு வந்திருக்கலாமே அல்போன்ஸ்” என்றார் டாக்டர், துக்கம் கேட்க வந்த இடத்தில். அல்போன்ஸ் தலையை ஆட்டினார். பதினாறாம் நாள் வேலைக்கு வந்து, ஜாடியைக் கழுவிப் புதிதாக மருந்து கலக்கினார். கேள்வியும் மாறவில்லை, கார்டும் மாறவில்லை. இப்படியும் ஒரு கல் மனசா என்று தோன்றும். வேறு என்ன தெரியும் அவருக்கு?

பால்காரருக்கு இன்று ‘பால்மோஸ்’ கிடைத்தது. அடுத்து வந்து பெஞ்சில் சாய்ந்தவள், அவர் வீட்டுப் பக்கம் மீன் விற்கும் தங்கம். கூடை இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கழுத்தடியில் துடிப்பது எட்டி நின்றாலே தெரிந்தது.

“படபடப்பா, நடுக்கமா?”

“இன்னான்னு சொல்றது நைனா. சொல்லத் தெரில.”

பழக்கத்தில் அவர் கை ஜாடிப் பக்கம் போய்விட்டது. அதைப் பார்த்துத் தங்கத்தின் முகம் தெளிந்தது.

“அதான், அந்த ரோஸ் மருந்துதான். உங்கூட்டு வெரோனிகாம்மா சொல்லிச்சு. ‘எனக்கும் இப்டித்தான் கீது, அவுரு மருந்து குட்த்துக்கினு கீறாரு, எல்லாம் சரியாப்பூடும்’னு. நான்தான் ஆறு மாசமா அந்தப் பக்கம் வர்ல. ஒடம்பு முடில. எப்டி கீது நைனா அது? இப்ப தேவலாமா?”

அல்போன்ஸ் வாயைத் திறந்தார். ஒன்பது வருஷப் படிப்பில் ஒரு சொல் வரவில்லை. ஜாடியை மூடி, மேஜைக்கு அடியில் தள்ளினார். புதுக் கார்டு ஒன்றை எடுத்து அவள் பெயரை மட்டும் எழுதினார். தலைப்பு இல்லாத அந்தக் கார்டை எல்லாக் கார்டுகளுக்கும் மேலே வைத்து, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. “என்ன அல்போன்ஸ், இதுல ஒண்ணுமே எழுதலியே? நெர்வ்ஸ்தானே? மிக்ஸ்சர் குடுத்து அனுப்பிடுங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க.”

“சார், இந்தம்மாவ நீங்க பாக்கணும்.”

“ஏன், என்ன கம்ப்ளெயிண்ட்டாம்?”

“சொல்லத் தெரியலியாம் சார்.”

பால்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். அல்போன்ஸ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எழுந்துபோய், டாக்டர் அறையின் அரைக்கதவைத் தள்ளித் திறந்து, தங்கத்தைப் பார்த்து உள்ளே போகும்படி தலையசைத்தார். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து வரும்வரை கதவை விடவில்லை.