நீளக் காம்புப் பூ

கே.கே. நகரில் குடியிருந்தபோது, பின்புற மதிலோரம் பூசணி இனத்துச் சுக்கினி போட்டிருந்தேன். பாக்கெட்டில் மிஞ்சிய விதையைப் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவுக்குக் கொடுத்தேன்.

மார்கழி பிறந்தது. பூசணிப் பூவுக்குப் பதிலாக இந்த மஞ்சள் பூக்களையே தினமும் பறித்துக் கோலத்தில் வைத்தேன். நீளக் காம்புப் பூ சாணி உருண்டையில் அழகாக நிற்கும். அடியில் பிஞ்சு உள்ள பூவை மட்டும் பாவம் என்று விட்டுவிடுவேன். ஆனாலும் பிஞ்சுகள் எல்லாம் வெம்பி அழுகின.

ஒரு விடியற்காலை, மதிலுக்கு மேலிருந்து என் செடிக்குள் ஒரு கை நீண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னக்கா, உங்க கைபட்டுத்தான் காயெல்லாம் அழுகுதா?"

அக்கா கையை விரித்தார். உள்ளே இதழ் கிள்ளிய ஒரு பூ.

"பறிக்கலைம்மா. ஆண் பூ எல்லாத்தையும் நீ கோலத்துக்கு எடுத்துடுறே, பிஞ்சு எப்படி நிக்கும்? அதான் ரெண்டு நாளா தொழுதுட்டு வந்து, எங்க செடிப் பூவைக் கொண்டாந்து தடவி விடுறேன். நீ குடுத்த விதைதானே."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"சாமிக்கு வைக்கிற பூ. வேணாம்னு நான் எப்படிம்மா சொல்றது?"

அடுத்த வாரமே காய் திரண்டது. பாதியை நறுக்கி மதில்மேல் வைத்தேன். மன்னிப்புதான் கேட்கவில்லை, வாய் வரவில்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில் மாடித்தோட்டம். மார்கழியிலும் இரண்டு ஆண் பூக்களைச் செடியிலேயே விட்டு, நானே தடவிவிடுகிறேன். அப்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்: "உங்க கைபட்டுத்தான் காய்ச்சுது, அக்கா."