சூளை மேட்டில் ஒரு வேட்டு

முத்து முகம்மது மானைச் சுடுவதற்கு முன் மூன்று நாள் வானத்தைச் சுடுவார். த்வாண்டே கால்வாய்க்கரை வயல்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொண்டிக்காரர். ரங்கூன் துறைமுகத்தில் பத்து வருஷம் மூட்டை தூக்கினார். முதுகு போனதும் மனைவி லத்தீபாவோடு ஆற்றைக் கடந்து த்வாண்டேக்கு வந்து சேர்ந்தார். ஊர்த்தலைவர் ஊ தா ஜான் சிபாரிசு செய்ய, பயிர்க் காவலுக்கென்று ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தது. ரங்கூனில் ஆபீஸ் கிராணியாக, குமாஸ்தா வேலையில், இருந்த நான்தான் மனுவை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துச் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். போட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. பிழைக்க வந்த ஊரில் போலீசைவிடக் காகிதம்தான் பயம். அந்தக் காகிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: தாயும் குட்டியுமாக மான்கள் திரியும் மழை மாதங்களில் வேட்டுச் சத்தமே கேட்கக் கூடாது. கேட்டால் லைசென்ஸ் ரத்து.

கால்வாயை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் நாணல் புல். அதற்குள் பன்றிமான்கள் இருந்தன. பன்றியைப் போலவே தலையைத் தாழ்த்திப் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற சின்ன மான். வருஷாவருஷம் பங்குனியில் புல்லைக் கொளுத்துவார்கள். கரிந்த தரையில் துளிர் மேய மான்கள் வெளியே வரும். முத்து முகம்மது இரண்டு நாள் கரைமேல் உட்கார்ந்து கணக்கெடுப்பார். கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை. பிறகு ஊ தா ஜானிடம் போய், "இந்த வருஷம் ஆறு கெடா எடுக்கலாம், அதுக்கு மேல வேணாம்" என்பார். கூட்டம் பெருத்த வருஷம் கிழட்டுப் பெட்டை இரண்டு மூன்றும் சேரும்.

ஐப்பசியில் கதிர் பால் பிடிக்கும்போது அந்தி மங்கலில் மான்கள் வயலுக்கு வரும். அவர் முதல் மூன்று நாள் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவார். சத்தம் கேட்டதும் அவை தண்ணீரோரப் புல்லுக்குள் பாய்ந்துவிடும். நான்காம் நாளும் திரும்பி வருகிற கிடாவைத்தான் குறி வைப்பார். போகப்போக அந்தத் துப்பாக்கியின் குரல் மான்களுக்குப் பழகிவிட்டது. ஒரே வேட்டில் வயல் காலியாகும். "பாதிப் பேருக்குப் புத்தி வந்துடுச்சு கிராணியாரே, சுடாமலே சோலி முடியுது" என்று பெருமையாகச் சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஆவணியில் வெள்ளம் வந்தது. நட்ட நாற்றெல்லாம் முழுகிவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்க கைரேகை வாங்கிப் போகலாமென்று அன்று காலையில்தான் நான் சம்பான் படகில் வந்து இறங்கியிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"புல்லு முழுகிடுச்சு. எல்லாம் சூளை மேட்டுல ஏறி நிக்குது. வாங்க."

பழைய குயவர் சூளை இருந்த மேடு அது. சுற்றிலும் தண்ணீர். மேடு முழுக்க ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் மான்கள். நகரும்போதெல்லாம் குளம்பு பட்டு ஓடு கிணுகிணுத்தது. எங்கள் சம்பான் மேட்டின் கீழ்முனையில் இருந்தது. முத்து முகம்மது விரலை மடக்கி எண்ணினார். "இருபத்தேழு. எட்டு கெடா. ரெண்டு நாள் தண்ணி வடிஞ்சாப் போதும், தப்பிச்சுக்கும்."

ரெண்டு நாள் யார் விட்டார்கள்? ஐந்து படகுகள் வந்தன. தடியும் வெட்டுக்கத்தியும். முன்படகில் குத்தகைக்காரன் குழந்தைவேலு. அவனுடைய நிலம் மார்பளவு தண்ணீரில் கிடந்தது.

"என்ன ராவுத்தரே, மானுக்குத் தொழுகை நடத்திக்கிட்டு இருக்கீரா?"

"திரும்பிப் போயிரு குழந்தவேலு. குட்டியோட நிக்குது."

"என் வூட்லயும்தான் நாலு குட்டி நிக்குது. உலை வைக்க அரிசி இல்ல. என் நாத்தத் தின்னப்ப ஒம்ம மானு கணக்குப் பாத்துச்சா?"

"ஐப்பசில கறி தரேன். ஆறு கெடாவும் ஒங்களுக்குத்தான். பொட்டைய அடிச்சா அடுத்த வருஷம் ஒண்ணும் இருக்காதுடா."

"அடுத்த வருஷம் நாம இருக்கமான்னு பாப்போம்." பின்படகில் யாரோ சிரித்தார்கள். படகுகள் அரைவட்டமாகப் பிரிந்து மேட்டை நெருங்கின.

முத்து முகம்மது என்னைத் திரும்பிப் பார்த்தார். "சுட்டா லைசென்ஸ் போயிடும்ல?"

"போயிடும். விசாரணையும் வரும்." என் கையெழுத்துதான் எனக்கு ஞாபகம் வந்தது. "வேணாம் பாய்."

"போவட்டும். வேட்டுக்கு இவனுங்க மெரண்டுருவானுங்க."

அவர் குழலை ஆகாயத்துக்கு உயர்த்திச் சுட்டார்.

படகுகள் நிஜமாகவே பின்வாங்கின. ஆனால் மேட்டின் மேல் இருபத்தேழு தலைகள் ஒன்றாகத் தாழ்ந்தன. ஒரு கணம் ஓடுகள் நொறுங்குகிற சத்தம். பிறகு அத்தனையும், குட்டிகள் உட்பட, வழக்கமாகப் பாயும் பக்கத்துக்கே பாய்ந்தன. அங்கே புல் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. படகுகளும் இருந்தன.

"டேய், அடிக்காதீங்கடா! நான்தாண்டா வெரட்டிட்டேன்!" என்று அவர் கத்தினார். யார் காதிலும் விழவில்லை. நீந்துகிற மானை அடிக்கப் பெரிய திறமை வேண்டாம். தலை மட்டும்தான் வெளியே இருக்கும்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது குழந்தைவேலு படகை எங்கள் அருகில் நிறுத்தினான். துடித்துக்கொண்டிருந்த ஒரு கிடாவை இழுத்துக் காட்டினான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "இந்தாரும் ராவுத்தரே, உசுரு இருக்கு. உம்ம மொறப்படி அறுத்துக்கும். உம்ம பங்கு."

முத்து முகம்மதின் கத்தி இடுப்பில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே கிடாவின் துடிப்பு நின்றது.

விசாரணை வந்தது. ஊ தா ஜான் ரொம்பத் தன்மையாகப் பேசி, வெள்ளத்தில் உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் கோ முத்து, அதாவது முத்து அண்ணன், சுட்டார் என்று சாட்சி சொன்னார். லைசென்ஸ் பிழைத்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஐப்பசியில் அவருக்கு வேலை இருக்கவில்லை. வெள்ளத்துக்குப் பின் மறுநடவு செய்த வயல்களில் ஒரு கதிர்கூடச் சேதமில்லை. அறுப்பு முடிந்ததும் குழந்தைவேலு ஒரு கூடை புது அரிசி கொடுத்தனுப்பினான். லத்தீபா சமைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார் என்று அவள் என்னிடம் சொன்னாள். "திட்டித் தீத்தாலாச்சும் பரவால்லண்ணே."

பங்குனியில் புல்லைக் கொளுத்தினார்கள். முத்து முகம்மது கரையில் இரண்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் உட்கார்ந்தார். ஆறாம் நாள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரங்கூனுக்கு, என் அறைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு பொட்டை இருக்கு" என்றார்.

"கிடா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். சாக்கின் முடிச்சை இறுக்கினார். "அந்த ரெண்டும் தகரம் தட்டினா நிமிர்ந்து பாக்குது, போவ மாட்டேங்குது. இந்தச் சத்தத்துக்குத்தான் ஓடுங்க. இது இனிமே அதுங்க காதுல விழக் கூடாது. ஒப்படைக்கணும், எழுதிக் குடுங்க."

படிவத்தை எடுத்தேன். ஒப்படைப்பதற்கான காரணம் என்று ஒரு வரி இருந்தது. என்ன எழுத என்று கேட்டேன்.

"காவல் காக்க ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

பேனாவை மையில் தொட்டுவிட்டு யோசித்தேன். அப்படி எழுதினால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். பழைய விசாரணையைக் கிளறுவார்கள். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள்.

முதுமை என்று இங்கிலீஷில் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாற்பத்தாறு வயது. கட்டைவிரலை மையில் அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைத்தார்.