கட்டைவிரலும் கடைசிக்கு முந்தைய இடமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணமூர்த்திபுரம் வீட்டுச் சமையலறையில் அக்கா ஒரு பேட்டிங் கையுறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்திம்பேரின் வலது கட்டைவிரலில் எலும்பு முறிந்திருந்தது. பிளாஸ்டர் போட்ட விரல் கையுறைக்குள் நுழையவில்லை. "இன்னும் கொஞ்சம் பிரி" என்றார் அவர். "பிரிக்கறேன். அப்படியே விரலையும் நறுக்கிடட்டுமா? ஒரேயடியா நிம்மதி" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லப்படாதோடா?"

நானும் அத்திம்பேரும் ஒரே ஆபீஸ்; எங்கள் ஆபீஸ் டீமில் அவர் ஆட்டக்காரர், நான் வெறும் ஸ்கோர் எழுதுகிறவன். அந்த சீசனில் டீம் எடுத்த ஓட்டங்களில் பாதிக்கு மேல் மூன்றே பேருடையவை. அவர்களில் முதலில் துவக்க ஆட்டக்காரருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஆறாவதாக இறங்கி நிதானமாக ஆடும் டைப்பிஸ்டை அவர் இடத்துக்கு ஏற்றினார்கள். புதுப் பந்துக்கு மிரண்டு அவரும் ஓட்டம் எடுக்காமல் போனார். ஒருவருக்கு அடிபட்டால் இருவரை இழக்கிறோம் என்று அன்றுதான் கணக்குப் புரிந்தது. அடுத்து, ஆடுகளத்தில் விரித்த தேங்காய்நார் விரிப்பில் எகிறிய பந்து இன்னொருவரின் புருவத்தைக் கிழித்தது. மூன்றாமவர் அத்திம்பேர். ஆறு வாரம் மட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அன்றைய கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். முந்தின நாள் வீட்டுக்கு வந்த கேப்டன், காப்பியைக் குடித்துவிட்டுத் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "ஸ்வாமி, நீங்க சும்னே, சும்மா, அங்க நின்னா சாக்கு, அது போதும். மத்தவங்களுக்கு தைரியம் வரும்."

அத்திம்பேர் சும்மா நிற்கவில்லை. வலது கை பெயருக்கு மட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க, இடது கையாலேயே தள்ளித் தள்ளிப் பத்தொன்பது ஓட்டம் எடுத்தார். பிரிந்த கையுறையை எதிரணி வேகப்பந்து வீச்சாளர் பார்த்துவிட்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பந்தும் அந்தக் கையைத் தேடியே வந்தது. ஒன்று பட்டது. அவர் வலியில் குனிந்ததை நான் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நிமிர்ந்து, ஆட்டம் முடியும்வரை நின்றார். இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கேப்டன் அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்.

அந்த விரல் அதன் பிறகு மடங்கவேயில்லை. பேனா பிடிப்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் பெரும்பாடு. அவர் மறுபடி மட்டையைத் தொடவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, போன வாரம் அவர் வீட்டில் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டக்காரருக்கு விரலில் அடிபட்டது. உடனே இருவர் ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்து, அவரை வெளியே அழைத்துப் போனார்கள். வேறொருவர் இறங்கினார். ஆட்டம் தொடர்ந்தது. அத்திம்பேர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏண்டா, அந்த வருஷம் நாம எத்தனாவது வந்தோம்?"

"கடைசிக்கு முன்னாடி, அத்திம்பேர்."

"அவ்வளவுதானா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "இதை அன்னிக்கே கேட்டிருக்கலாம்."

"ஆனா கீழே எறங்கலையே" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த வருடமே இறங்கிவிட்டோம். அதை அவர் மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.